அகச்சிவப்பு சென்சாருக்கான நானோபடிகம் சூட்டில் கெடாமல் இருக்க: லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

"குவாண்டம் புள்ளி நல்லாத்தான் வேலை செய்யுது, சூடு பட்டா மட்டும் கெட்டுப் போகுது, அதை மட்டும் சரி பண்ணிடு" என்று கைடு ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வரிக்குள் குறைந்தது நான்கு தனித்தனிப் பிரச்சினைகள் இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றுக்கு உதவும் தீர்வு இன்னொன்றைக் கெடுக்கும் என்பதையும் சொல்லவில்லை. நீங்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்திப் படிகம், அளவுக்கேற்ப அது உறிஞ்சும் அலைநீளம் மாறும். உதாரணத்துக்கு லெட் சல்பைடை (காரீயமும் கந்தகமும் சேர்ந்தது) எடுத்துக்கொள்கிறேன். சிலிக்கான் 1.1 மைக்ரானுக்கு மேல் பார்க்காது, அதற்கு அப்பால் 1.7 மைக்ரான் வரை பார்க்கும் கேமராவுக்கு இதுதான் பழகுவதற்கு எளிது. இன்னும் நீளமான அலைகளுக்கு மெர்குரி டெலுரைடு, அதாவது பாதரசச் சேர்மம். வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

1. எந்தச் சூடு, எவ்வளவு நேரம் என்று முதலில் எழுதிவையுங்கள்

"சூடு தாங்க வேண்டும்" என்பது இலக்கே இல்லை. உங்கள் படிகம் சென்சாராக மாறும் வழியில் எங்கெல்லாம் சூடு படுகிறது என்று பட்டியல் போடுங்கள். படலத்தை உலர்த்த 70 டிகிரி. மேலே ஆக்சைடு பூச 80 முதல் 150 வரை. சிப்பை ஒட்டும் எப்பாக்ஸி இறுக அதே அளவு சூடு, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ. தங்கக் கம்பி பிணைப்புக்கு மேடை 150ஐ ஒட்டி இருக்கும். காரீயமில்லா சாலிடர் உலையில் சில பத்து விநாடிகள் 245 முதல் 260 வரை. குளிர்வித்து இயக்கும் மெர்குரி டெலுரைடு சென்சார் என்றால் வெற்றிடக் கூட்டை நாள் கணக்கில் சூடாக்கிக் காற்றை உறிஞ்ச வேண்டியிருக்கும். அப்புறம்தான் பயன்பாட்டுச் சூடு: வண்டியில் பொருத்துவது என்றால் தர நிலையைப் பொறுத்து 105 அல்லது 125 டிகிரி.

150 டிகிரியில் பத்து நிமிடமும், 85 டிகிரியில் ஆயிரம் மணி நேரமும் ஒரே சோதனை இல்லை. முதலாவதில் லிகண்ட் (படிகத்தின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் மூலக்கூறுகள்) கழன்று படிகங்கள் ஒட்டிக்கொள்ளும், இரண்டாவதில் ஆக்சிஜனும் ஈரமும் மெல்ல உள்ளே போகும். ஆகவே வெப்பநிலை, நேரம், சுற்றியுள்ள வாயு, எவ்வளவு இழப்பு வரை பொறுக்கலாம் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்து எதற்கு என்று தோன்றும், ஆறு மாதம் கழித்து "260 தாங்குமா?" என்று கேட்கும்போது தெரியும்.

2. காகித வேலையை முதல் வாரமே தொடங்குங்கள்

வேதியியலைவிட இதுதான் அதிக நாள் தின்னும். காரீயம், காட்மியம், பாதரசம் மூன்றும் பாதுகாப்புக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாதவை. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் விற்பவரிடமிருந்து பாதுகாப்புத் தாள், எவ்வளவு வைத்திருப்பீர்கள், எந்த ஃபியூம் ஹூட்டில் (நச்சு ஆவியை வெளியே உறிஞ்சும் பெட்டி) கையாள்வீர்கள், கழிவு எங்கே போகும் என்று ஒரு ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், இவை கையில் இருக்க வேண்டும். பாதரசம் என்றால் கேள்விகள் கூடும், கூடத்தான் வேண்டும், கொடைக்கானலைப் பார்த்த மாநிலம் இது.

கழிவைப் பற்றித் தனியாக. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவை 90 நாட்களுக்கு மேல் இடத்திலேயே சேர்த்து வைக்கக் கூடாது. காரீயம், காட்மியம், பாதரசம் மூன்றுக்கும் தனித்தனிக் கேன், குளோரின் உள்ள கரைப்பானுக்கு இன்னொன்று, எல்லாவற்றிலும் தேதியோடு லேபிள். எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றினால் எடுத்துப்போக வருபவர் வாங்க மறுப்பார், பிறகு அது உங்கள் மேஜைக்கடியிலேயே கிடக்கும்.

கொள்முதலில் பெரிய தலைவலி கந்தக மூலப்பொருள். வழக்கமாக எல்லோரும் பயன்படுத்தும் பிஸ் டிரைமெத்தில்சிலைல் சல்பைடு இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம், காற்றின் ஈரம் பட்டாலே ஹைட்ரஜன் சல்பைடு விடும். ஆர்டர் போட்டு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்றே திட்டமிடுங்கள். மாற்று உண்டு: தயோயூரியா வகைகள். திடப்பொருள், நாற்றம் இல்லை, மலிவு, எடை போட்டுச் சேர்க்கலாம். வேகமாக வினைபுரியும் வகை சிறிய படிகத்தையும் மெதுவான வகை பெரிய படிகத்தையும் தரும், நமக்கு வேண்டியது பெரியது. அரசு நிறுவனம் என்றால் ஜெம் என்ற அரசு கொள்முதல் தளத்தில் பொருள் இல்லை என்ற அறிக்கை, எத்தனை விலைப்புள்ளி தேவை, எவ்வளவு ரூபாய் வரை நேரடியாக வாங்கலாம் என்பதையெல்லாம் ஸ்டோர்ஸில் நேரில் போய்க் கேளுங்கள். இந்த வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சீனியர் சொன்ன தொகை பழையதாக இருக்கலாம்.

இனி யாரும் எச்சரிக்காத ஒன்று. பொதுக் கருவிக்கூடத்தில் உள்ள ஆவிப் பூச்சு அறை, அணு அடுக்குப் பூச்சுக் கருவி, வெப்ப எடைக் கருவி ஆகியவற்றுக்குள் காரீயமும் பாதரசமும் போக அனுமதி உண்டா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மெர்குரி டெலுரைடைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், அது தங்கத்தோடும் அலுமினியத்தோடும் கலந்து கருவியின் உள்பாகங்களையே கெடுக்கும். "சரி, போட்டுக்கோ" என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த மாதம் வேறு லேபுக்கு மாறியிருப்பார்.

உங்கள் நிறுவனத்தில் கருவி இல்லையா? ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்றவற்றுக்கு ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் மாதிரியான மையங்கள் வெளியாட்களுக்கும் செய்து தருகின்றன. கட்டணம் மாணவருக்கு ஒன்று, தொழில் நிறுவனத்துக்கு ஒன்று. தூசியில்லாத கிளீன்ரூமிலேயே சென்சார் செய்ய வேண்டுமானால் ஐஐஎஸ்சியிலும் சில ஐஐடிகளிலும் நடக்கும் ஐஎன்யூபி-ஐ2ஐ திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். எங்கே போனாலும் கைடின் கடிதம், அடையாள அட்டை நகல், மாதிரியின் பாதுகாப்புத் தாள் மூன்றையும் ஒரே கோப்பாக வைத்திருங்கள். கட்டணத்தோடு ஜிஎஸ்டியும் சேரும் என்பதைப் பட்ஜெட் போடும்போதே கணக்கில் எடுங்கள்.

3. எல்லாச் சோதனைக்கும் ஒரே பேட்ச்

திங்கட்கிழமை செய்த படிகத்தையும் வெள்ளிக்கிழமை செய்ததையும் ஒப்பிட்டு "ஷெல் (படிகத்தின் மேல் வேறு பொருளின் மெல்லிய ஓடு) போட்டதால் மேம்பட்டது" என்று எழுதாதீர்கள். பேட்சுக்குப் பேட்ச் வித்தியாசமே அந்த மேம்பாட்டைவிடப் பெரிதாக இருக்கும்.

அளவு போதுமா என்று பயப்பட வேண்டாம். பலரும் பின்பற்றும் செய்முறையில் 450 மில்லிகிராம் லெட் ஆக்சைடு, 210 மைக்ரோலிட்டர் கந்தக மூலப்பொருள். கந்தகம் 1 மில்லிமோல், ஆகவே முழுதாக வினை நடந்தால் 239 மில்லிகிராம் லெட் சல்பைடு. ஒரு அங்குலச் சதுரக் கண்ணாடியில் 300 நானோமீட்டர் படலத்துக்கு வேண்டியது ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். சுழற்பூச்சில் பத்தில் ஒன்பது பங்கு தெறித்து வீணாகும் என்று வைத்தாலும் ஒரு பேட்சில் இருபது கண்ணாடி வரும். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிக்கொண்டால் முதல் சுற்றுக்கு அது போதும்.

கழுவுவதில் கவனம் வேண்டும். அசிட்டோன் ஊற்றி வீழ்படிவாக்கி மறுபடி கரைக்கும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பிலிருந்து லிகண்டான லெட் ஓலியேட் கொஞ்சம் கழன்று போகும், மெத்தனால் என்றால் இன்னும் அதிகம். குறைவாகக் கழுவினால் மிச்சமான ஓலியிக் அமிலம் படலத்தில் மின்னோட்டத்தைத் தடுக்கும், அதிகமாகக் கழுவினால் படிகம் நிர்வாணமாகி லேசான சூட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கரைப்பான், அளவு, எத்தனை முறை என்பதை ஒருமுறை முடிவு செய்து நோட்டில் எழுதி, பிறகு மாற்றாதீர்கள்.

4. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் முதலில் சூடாக்கிப் பாருங்கள்

ஆர்வத்தில் நேராக ஷெல் போடப் போகாதீர்கள். வெறும் படிகம் எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரியாமல் போடும் ஷெல் வெறும் உழைப்பு.

60, 85, 100, 125, 150, 200 டிகிரி. ஒவ்வொன்றிலும் 10 நிமிடம், 1 மணி, 24 மணி. ஒரு தொகுதி குளோவ் பாக்ஸுக்குள் (காற்றுப் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) நைட்ரஜனில், இன்னொன்று திறந்த காற்றில். திறந்த காற்று என்றாலும் ஃபியூம் ஹூட்டுக்குள்தான், மெர்குரி டெலுரைடுக்கு அதுவும் வேண்டாம், மூடிய கலத்தில் மட்டும். அதே பேட்சில் ஒரு கண்ணாடியைச் சூடாக்காமல் இருட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எதையும் ஒப்பிட முடியாது.

ஹாட் பிளேட்டின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். தோசைக்கல்லில் நடுவும் ஓரமும் ஒரே சூடாகவா இருக்கிறது? ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வெப்ப இரட்டையை (தெர்மோகப்பிள்) ஒட்டி, நீங்கள் படலம் வைக்கும் அதே இடத்தில் அளந்து, அந்த எண்ணை எழுதுங்கள்.

உறிஞ்சல் நிறமாலை (எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) எடுக்கும் முன் நன்றாக ஆறவிடுங்கள். பெரும்பாலான குறைக்கடத்திகளில் சூடு ஏறினால் பட்டை இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) குறையும், லெட் சல்பைடில் நேர்மாறு, கூடும். சூடாக இருக்கும்போதே அளந்தால் உறிஞ்சல் உச்சி குட்டை அலைநீளப் பக்கம் நகர்ந்து, ஆக்சிஜனேற்றம் நடந்துவிட்டதுபோலப் பொய்த் தோற்றம் தரும்.

5. எது கெட்டது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு கேட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு.

உச்சி நீள அலைநீளப் பக்கம் நகர்ந்து அகலமானால் படிகங்கள் வளர்கின்றன அல்லது ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. எவ்வளவு நுட்பமான விஷயம் என்று பாருங்கள்: 6 நானோமீட்டர் விட்டமுள்ள லெட் சல்பைடின் உச்சி 1560 நானோமீட்டரை ஒட்டி வரும், விட்டம் 6.3 ஆனாலே 1610க்குப் போய்விடும். அரை அலகுக்கூடு அளவு வளர்ச்சிக்கு 50 நானோமீட்டர் நகர்வு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த 0.3ஐக் கண்ணால் பிரித்தறிய முடியாது, நிறமாலையில் பளிச்சென்று தெரியும். ஆகவே காசு கொடுத்து நுண்ணோக்கி நேரம் வாங்கும் முன் நிறமாலையையும் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலையும் முடித்துவிடுங்கள். எக்ஸ்-கதிரில் உச்சிகள் கூர்மையானால் படிகம் பெரிதாகிவிட்டது.

உச்சி குட்டை அலைநீளப் பக்கம் நகர்ந்தால் ஆக்சிஜனேற்றம். வெளிப்புறம் லெட் சல்பேட்டு போன்றவையாக மாறி உள்ளே இருக்கும் படிகம் சிறுக்கிறது. நைட்ரஜனில் சூடாக்கிய கண்ணாடியில் இது வரக்கூடாது. வந்தால் உங்கள் குளோவ் பாக்ஸில் கசிவு இருக்கிறது.

உச்சி நகரவே இல்லை, உயரம் மட்டும் குறைந்து அடித்தளம் சாய்ந்தால் படலம் விரிசல் விட்டு ஒளியைச் சிதறடிக்கிறது. உச்சி அப்படியே இருக்க, எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் 2850, 2920 அலையெண் கோடுகள் குறைந்தால் லிகண்ட் போகிறது, படிகம் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதுதான் எச்சரிக்கை மணி, அடுத்த 20 டிகிரியில் ஒட்டத் தொடங்கும்.

இரண்டு எதிரெதிர் நகர்வுகள் ஒரே நேரத்தில் நடந்து ஒன்றையொன்று ரத்து செய்வதும் உண்டு. காற்றில் சூடாக்கியபோது உச்சி அசையவில்லை என்றால் மகிழ்ச்சியடையும் முன் அகலத்தைப் பாருங்கள். அகலம் கூடியிருந்தால் அது நிலைத்தன்மை இல்லை.

இன்னொன்று, ஏன் சிறிய படிகம் தாங்கியதை உங்கள் பெரிய படிகம் தாங்கவில்லை என்ற கேள்வி கட்டாயம் வரும். மிகச் சிறிய லெட் சல்பைடில் காரீயம் நிறைந்த முகங்கள்தான் அதிகம், ஓலியேட் அவற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். பெரிதாக ஆக, காரீயமும் கந்தகமும் சமமாக உள்ள கனசதுர முகங்கள் வெளிப்படும், அங்கே லிகண்ட் சரியாகப் பிடிக்காது. ஆக்சிஜன் நுழைவதும் பக்கத்துப் படிகம் ஒட்டுவதும் அந்த முகங்களில்தான். சூரிய மின்கலக் கட்டுரைகளில் 900 நானோமீட்டரில் உச்சி உள்ள படிகத்துக்கு வேலை செய்த முறையை 1550க்கு அப்படியே எடுத்துவந்தால் ஏமாற்றம்தான்.

6. கேட்டுக்குத் தகுந்த தீர்வு

லிகண்ட் போவதுதான் பிரச்சினை என்றால் லிகண்டை மாற்றுங்கள். எத்தேன்டைதயால் 146 டிகிரியில் கொதிக்கும் சிறு மூலக்கூறு, அதற்குக் கீழேயே படலத்திலிருந்து மெல்லக் கிளம்பிவிடும். அதற்குப் பதில் லெட் அயோடைடு போன்ற ஹாலைடு உப்புகள் பறந்து போகாது. கரைசலிலேயே பரிமாற்றம் செய்வது வசதி: லெட் அயோடைடு, லெட் புரோமைடு, அம்மோனியம் அசிட்டேட்டு மூன்றையும் டிஎம்எஃப் என்ற கரைப்பானில் கரைத்து, ஆக்டேனில் உள்ள படிகத்தோடு குலுக்கினால் படிகம் கீழடுக்குக்கு இறங்கும். டொலுவினில் வீழ்படிவாக்கி, உலர்த்தி, பியூட்டைல் அமினில் கரைத்துச் சுழற்றலாம். அமினில் கரைத்த மையைத் தள்ளிப்போடாமல் அன்றே பூசிவிடுங்கள்.

படிகங்கள் ஒட்டுவதுதான் பிரச்சினை என்றால் ஷெல். லெட் சல்பைடுக்கு மேல் காட்மியம் சல்பைடை அயனிப் பரிமாற்றத்தால் உருவாக்கலாம். 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் காட்மியம் ஓலியேட் சேர்த்தால் வெளியே உள்ள காரீயம் போய்க் காட்மியம் உட்காரும். ஷெல் வெளியே வளர்வதில்லை, படிகத்தைத் தின்றுகொண்டு உள்ளே போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 6 நானோமீட்டர் படிகத்தில் 0.3 நானோமீட்டர் ஷெல் வந்தால் மையம் 5.4 ஆகும், உச்சி 1560லிருந்து 1455 பக்கம் நகரும். 1550ல் முடிய வேண்டுமானால் 1650ஐ ஒட்டித் தொடங்குங்கள். ஷெல் கனமானால் சூடு நன்றாகத் தாங்கும், ஆனால் மின்னூட்டம் தாண்ட முடியாமல் சென்சார் செத்துவிடும். ஒரு அடுக்கு, மிஞ்சிப்போனால் இரண்டு. ஒளிர்வு கூடியதை வைத்து ஷெல் நன்றாக வந்திருப்பதாகக் கொண்டாடுபவர்கள் மின்னோட்டத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

மெர்குரி டெலுரைடுக்குக் காட்மியம் டெலுரைடு ஷெல். இரண்டின் அலகுக்கூட்டு நீளம் 6.46, 6.48 ஆங்ஸ்ட்ராம், ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் விரிசல் இல்லாமல் உட்காரும். சிகாகோ பல்கலைக்கழகக் குழு இந்த ஜோடியில் சூடு தாங்குவது மேம்படுவதைக் காட்டியிருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று எந்த விகிதத்திலும் கலக்கக்கூடியவை. சூடு அதிகமானால் பாதரசமும் காட்மியமும் இடம் மாறிக் கலவையாகிவிடும், உச்சி குட்டை அலைநீளப் பக்கம் நகரும். அதை ஆக்சிஜனேற்றம் என்று தவறாக எண்ணிக் குளோவ் பாக்ஸைப் பழுதுபார்க்கப் போகாதீர்கள்.

ஆக்சிஜனும் ஈரமும்தான் பிரச்சினை என்றால் அணு அடுக்குப் பூச்சில் அலுமினா. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகக் குழு 2011இல் படிகங்களின் இடுக்குகளையே அலுமினாவால் நிரப்பி, காற்றில் மாதக்கணக்கில் நிலைக்கும் படலம் செய்தது. நேரக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு சுழற்சிக்கு 0.1 நானோமீட்டர் சொச்சம், 20 நானோமீட்டருக்கு 200 சுழற்சிக்குக் கிட்டத்தில். 80 டிகிரியில் ஓட்டும்போது தண்ணீர் ஆவி வெளியேற நேரம் எடுக்கும், சுழற்சிக்கு ஒரு நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல். கருவி நேரத்தை அரை நாளாகவே முன்பதிவு செய்யுங்கள். முதல் சில சுழற்சிகளில் படலத்துக்குள் போகும் தண்ணீரே படிகத்தைக் கெடுக்கலாம், அதனால் பூச்சுக்கு முன்னும் பின்னும் நிறமாலை எடுக்காமல் விடாதீர்கள்.

ஒரே நாளில் லிகண்ட், ஷெல், அலுமினா மூன்றையும் சேர்த்துப் போடும் ஆசை வரும். தனித்தனியாகப் போட்டுப் பார்த்த பிறகு சேருங்கள். இல்லாவிட்டால் எது உதவியது என்று கட்டுரையை மதிப்பிடுபவர் கேட்கும்போது பதில் இருக்காது.

7. படலம் தாங்கினால் சென்சார் தாங்கும் என்று இல்லை

நிறமாலை அசையாமல் இருக்கும், இருட்டு மின்னோட்டம் (ஒளியே விழாதபோதும் ஓடும் மின்னோட்டம்) மட்டும் பல மடங்கு ஏறியிருக்கும். பல நேரம் குற்றவாளி உங்கள் படிகமே இல்லை. மேலே துளை (எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின்னூட்ட இடம்) கடத்த வைக்கும் மெல்லிய அடுக்கு எத்தேன்டைதயால் படிகமாக இருந்தால் அதுதான் முதலில் போகும், அதற்குப் பதில் நிக்கல் ஆக்சைடு போட்டுப் பார்க்கலாம். வெள்ளி, தங்க மின்முனைகள் சூட்டில் படலத்துக்குள் ஊடுருவி ஷார்ட் ஆக்கும், இடையில் ஆக்சைடு அடுக்கு வேண்டும். படிகம் இல்லாமல் மற்ற அடுக்குகளை மட்டும் வைத்து ஒரு கண்ணாடி செய்து அதையும் சூடாக்குங்கள், அரை நாள் வேலை, ஒரு மாதக் குழப்பம் மிச்சம்.

85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற சோதனையைத் தொழில் பங்காளி யாரும் கேட்காமல் விடமாட்டார். 42 நாள். அத்தனை நாளில் ஒருமுறையாவது கரண்ட் போகும், சோதனைப் பெட்டிக்கு யூபிஎஸ் உண்டா, வெப்பநிலையைத் தானே பதிவு செய்கிறதா என்று தொடங்கும் முன் பாருங்கள். பெரும் சூட்டில் குறுகிய நேரம் அளந்து அர்ரீனியஸ் கோடு (கேடு நடக்கும் வேகம் வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டும் கோடு) இழுத்துப் பத்தாண்டு ஆயுள் சொல்வது, இரண்டு வெப்பநிலையிலும் ஒரே கேடு நடந்தால் மட்டுமே செல்லும்.

8. சில இடங்களில் சூட்டையே குறைத்துவிடலாம்

இதைக் கடைசியில் சொன்னாலும் முதல் பட்டியலைப் போடும்போதே யோசியுங்கள். தங்கக் கம்பிப் பிணைப்புக்குச் சூடு வேண்டும், அலுமினியக் கம்பி ஆப்புப் பிணைப்பு அறை வெப்பநிலையிலேயே அதிர்வால் பிடித்துக்கொள்ளும். சூட்டில் இறுகும் எப்பாக்ஸிக்குப் பதில் புற ஊதாவில் இறுகும் பசை, ஆனால் அந்த ஒளி படலத்தின் மேல் விழாமல் மறையுங்கள். சாலிடர் உலைக்குப் பதில் சாக்கெட், அல்லது 138 டிகிரியில் உருகும் தகரம்-பிஸ்மத் சாலிடர். இவற்றைக் கேட்டால் பேக்கேஜிங் செய்பவர் முதலில் முகம் சுளிப்பார். இரண்டு மாதிரி சிப்பை வெறும் கண்ணாடியோடு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், விலைப்புள்ளியையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.